மதியத் தூக்கத்துக்குத் தொண்ணூற்றிரண்டு மார்க்

என் கணவர் அந்த மெத்தை விரிப்பை வாங்கி வந்த நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. பார்வைக்குச் சாதாரண உறை மாதிரிதான் இருந்தது. உள்ளே மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடிப் படுக்கையைக் குளிர வைக்கும். ஆள் படுத்ததும் தானாகவே வேலை செய்யத் தொடங்கும். மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொண்டே இருந்து, நாம் கனவு காணும் நேரம் பார்த்துத் தலைமாட்டில் கடல் அலை போல மெல்லிய சத்தம் எழுப்பும். அதனால் கனவு நீளும் என்றார். காலையில் போனில் மார்க் வந்துவிடும். இரண்டு வருடமாக அவருக்குத் தூக்கம் சரியில்லை. ஆபீசில் யாரோ சொல்லி வாங்கியது.

"நாம தூங்குறதை இது யார்கிட்டல்லாம் சொல்லும்?" என்று கேட்டேன்.

"நம்மகிட்டதான்."

"நம்மகிட்ட சொல்றதுக்கு இன்டர்நெட் எதுக்கு?"

அவர் குனிந்து பிளக்கைச் செருகினார். எழுந்ததும் என்ன கனவு வந்தது என்று அது கேட்கும். தினமும் 'கனவு இல்லை' என்றே அழுத்தினேன், வந்திருந்தாலும். என் கனவு எனக்குள் இருக்கட்டும். நாற்பது வருடம் படுத்ததும் தூங்கிப் பழகிய எனக்கு அது ஐம்பத்தெட்டு மார்க் போட்டது. அவருக்கும் எழுபதைத் தாண்டியதில்லை.

மும்பை செம்பூரில் எங்களுடையது ஒரே பெட்ரூம் உள்ள வீடு. ஹாலில் திவான் கட்டிலில் என் மாமனார் படுப்பார். முப்பது வருடம் ஒரு பாக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். அவருக்கு இந்த விரிப்பைக் கண்டாலே சிரிப்பு. "கர்த்தர் தாற உறக்கத்துக்கு கரண்டு பில்லு வேறயா?" என்பார். சாப்பாட்டு நேரத்தில் நானும் அவரும் சேர்ந்து என் கணவரைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கணவர் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த வாரம் நீ ஆபீசுக்கு லீவு போட்டியா?"

"இல்லையே. ஏன்?"

"மெத்தையில நீ படுக்கற பக்கம் தினமும் மத்தியானம் யாரோ தூங்கியிருக்காங்க."

வாங்கிப் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை, ஒன்றரை மணியிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி வரை. நல்ல ஆழ்ந்த தூக்கம். நீண்ட கனவு. மார்க் தொண்ணூற்றிரண்டு.

"அரே, மெஷின் தப்பா காட்டுது. விடு" என்றார் அவர். நான் விடவில்லை. நாங்கள் இருவரும் ஆபீசிலிருந்து திரும்ப ஏழு மணியாகும். மாமனார் மதியம் சாப்பிட்டதும், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வாசகசாலைக்குப் போய் நாலு மணிக்குத்தான் வருவார். பன்னிரண்டரைக்கு வந்து, இரவுச் சமையலை முடித்துவிட்டு மூன்று மணிக்கு மேல் போகிறவர் சமையல்கார அக்கா ஒருவர்தான். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு, ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆறு வருடமாக எங்களிடம் இருந்தார். சாவி அவரிடம் உண்டு.

அன்றிலிருந்து என் கண் எல்லாவற்றையும் வேறு விதமாகப் பார்த்தது. காலை லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் படுக்கை விரிப்பைக் கலைந்தபடியே விட்டுவிட்டுப் போவேன். மாலையில் வந்தால் சுருக்கம் இல்லாமல் நாலு மூலையும் செருகியிருக்கும். இத்தனை நாளும் அக்காவின் பொறுப்பு என்று நினைத்தது, இப்போது தடயமாகத் தெரிந்தது. தலையணையை மோந்துகூடப் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என்னைப் பற்றி அந்த மெத்தை சொன்ன எதையும் நம்பாத நான், அக்காவைப் பற்றி அது எதுவும் சொல்லாமலே நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அடுக்களையில் வைத்துக் கேட்டுவிட்டேன். அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானம் எங்க ரூம்ல படுக்கறீங்களா?"

கத்தி நின்றது. "நானா?"

"அலுப்பா இருந்தா ஹால்ல பேனைப் போட்டுப் படுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா எங்க கட்டில்ல..."

"யாரும்மா சொன்னா?"

"மெத்தையே சொல்லுது" என்று போனைக் காட்டினேன்.

அக்கா போனைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக ஹாலைப் பார்த்தார். அங்கே மாமனார் முகத்தை மறைத்துப் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். ஓர் ஆம்பிளை காதில் விழுந்துவிட்டதே என்று கூசுகிறார் என்று நினைத்தேன்.

"ஆறு வருசமா வாரேன். ஒரு நாளு உங்க பேனுக்கு அடியில உக்காந்திருப்பனா? நான் படுக்கலம்மா."

நான் குனிந்து மறுபடியும் போனைப் பார்த்தேன். "அப்போ வேற யாரு?"

அக்கா மறுபடியும் ஹால் பக்கம் பார்த்தார். பிறகு "எனக்குத் தெரியாது" என்றார். கத்தியைக் கழுவி வைத்தார். அதன் பக்கத்தில் வீட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பாதி வெண்டைக்காயை நான்தான் நறுக்கினேன்.

அதன் பிறகு மதியத் தூக்கம் போனில் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், பத்து நாள் பார்த்தேன். சனிக்கிழமை சாப்பிடும்போது சொல்லியும் விட்டேன். "பாத்தீங்களா, அவங்க போனதும் நின்னுடுச்சு."

மாமனார் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காலை, சர்ச்சுக்குக் கிளம்புமுன் அடுக்களை வாசலில் வந்து நின்றார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது நாந்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"வாசகசாலைய ரிப்பேருக்கு அடைச்சிட்டாவ. வெளிய வெயிலு. திரும்பி வந்துட்டேன். உங்க கட்டில்ல சும்மா சாஞ்சு பாத்தேன், குளுகுளுன்னு வந்திச்சு." நிறுத்தினார். "கண்ண மூடினா பாக்டரி சைரன் ஊதும் எனக்கு. எத்தனையோ வருசமா. அதுல படுத்தா ஊதல."

"அன்னைக்கே ஏன் மாமா சொல்லலை? அவங்க உங்களைத்தானே பாத்தாங்க?"

"வெக்கமா இருந்திச்சு" என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை முழுதாகக் காட்டவும் முடியவில்லை. கேள்வி கேட்டது நான்.

சர்ச் முடிந்ததும் நானும் அவரும் டாக்சி பிடித்து லேபர் கேம்ப் போனோம். சந்துக்குள் டாக்சி போகாது. அவர் முழங்கால் வலியோடு நடந்தார். அக்கா வாசலில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"தப்பு என் மேலதாம்மா" என்று மாமனார் கைகூப்பினார்.

அக்கா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டார். "மொதல்ல உக்காருங்கய்யா."

"உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாம? நாந்தான கதவத் தொறந்து விட்டேன். எந்திச்சுப் போனதும் விரிப்ப சரி பண்ணுனதும் நாந்தான்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"மாமனாரு மருமவ கட்டில்ல படுக்காவன்னு என் வாயால எப்படிம்மா சொல்லுவேன்? அவிய சொல்லட்டும்னு பாத்தேன்."

மாமனார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னேன்.

"இல்லம்மா. மாட்டுங்காவுலயே ரெண்டு வீட்டுல வேல புடிச்சிட்டேன். நடந்தே போயிரலாம்."

உண்மையாகவே பிடித்துவிட்டாரா, அல்லது வராமலிருக்கச் சொல்கிறாரா என்று அந்த இடத்திலும் எனக்குச் சந்தேகம் வந்தது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க கேட்டது கூட போவுது" என்றார் அக்கா. "நான் படுக்கலன்னு சொன்ன பெறவும், அந்தப் போனத் திரும்பப் பாத்திய பாருங்க. அதாம்மா."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

என் கணவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். அன்று மாலையே விரிப்பைக் கழற்றி ஹாலில் திவான் மேல் போட்டார். மாமனார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"போனுல என் உறக்கம் வரப்பிடாது."

"போனோட இணைக்கலைன்னா அலைச் சத்தம் வராதுப்பா. வெறும் குளிர்ச்சிதான்."

"அது போதும்."

அதில்தான் படுக்கிறார். சைரன் ஊதுகிறதா இல்லையா என்று நாங்கள் கேட்பதில்லை. என் கணவர் மறுபடியும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறார். சமையலை நானே காலையில் எழுந்து செய்துவிடுகிறேன். வேறு ஆள் வைக்கலாம் என்று அவர் இரண்டு முறை சொன்னார். பார்க்கலாம் என்றேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பை நிறையக் காய்கறி. யார் வீட்டுக்கோ வாங்கியிருந்தார். நின்று பேசினார்.

"ஐயா ஒறங்குதாவளா?"

"தூங்குறார்க்கா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேம்மா."

ஸ்டேஷன் வரைக்கும் ஒரு பையை நான் தூக்கி வருகிறேன் என்று கை நீட்டினேன். அக்கா அந்தப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நேரமாயிட்டும்மா" என்று சொல்லிவிட்டு, குடையைச் சாய்த்துப் பிடித்தபடி சிக்னலைக் கடந்து போனார்.