சிக்னலில் படித்த வினைச்சொல்

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் லீவு வந்ததில்லை. அவருக்குப் பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஞாயிறு. எனக்குக் கால் சென்டரில் செவ்வாய். அமெரிக்கக்காரர்களின் புகார்களைக் கேட்டுவிட்டு விடியும்போது பெங்களூர் ஆடுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவேன். அவர் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பார். ஸ்பெயின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மாறினால் இரவு ஷிஃப்ட் கிடையாது, ஞாயிறு லீவு. அதற்கு ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும்.

ஸ்பானிஷ் வகுப்பில் மற்றதெல்லாம் ஓரளவு வந்தது. இல்லாததை 'இருந்தால்' என்று நினைத்துப் பேசுவதற்கென்றே அந்த மொழியில் தனியாக ஒரு வினை வடிவம் உண்டு. அதுதான் என் உயிரை வாங்கியது. பள்ளிக்கூடப் பழக்கத்தில் அதை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். எனக்கு, உனக்கு, அவருக்கு, நமக்கு என்ற வரிசையில் துவியேரா, துவியேராஸ், துவியேரா, துவியேராமோஸ். 'நமக்கு' வேண்டுமென்றால் 'எனக்கு' என்பதிலிருந்து ஓடி வர வேண்டும். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

வகுப்பு அவர் வேலைக்குப் போகும் வழியில்தான். தூங்காத கண்ணோடு ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

"வரிசையா ஒப்பிக்காத. நான் கேக்குறத மட்டும் சொல்லு" என்றார் ஒருநாள். அன்றிலிருந்து சிக்னலில் வண்டி நின்றதும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "அவங்களுக்கு?" என்று கத்துவார். பிறகு "நமக்கு?" நான் முதலிலிருந்து ஆரம்பித்தால், "ஆயித்தா?" என்று, முடிந்ததா என்பதைக் கன்னடத்தில் கேட்டுச் சீண்டுவார்.

"நான் சரியா சொல்றேனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? நீ முழிக்காம சொன்னா சரி."

பக்கத்து ஆட்டோக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பெங்களூர் டிராஃபிக்கைத் திட்டாதவர் யாரும் இல்லை. அந்த மாதங்களில் நான் மட்டும் திட்டவில்லை. சிக்னல் சீக்கிரம் பச்சையானால்தான் எரிச்சல் வந்தது.

"உங்களுக்குக் கூடுதலாக ஒரு நாள் ஓய்வு இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று தேர்வு நடத்திய அம்மா கேட்டார். உலகம் சுற்றுவேன் என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் துவியேராமோஸ் என்று நேராக வந்து விழுந்தது. எங்கள் இருவருக்கும் ஒரு ஞாயிறு இருந்தால் அலாரம் வைக்காமல் தூங்குவோம், மீன் குழம்பு வைத்துச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம் என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா குறித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு நான் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

தேறிவிட்டேன். அந்த மொழியில் ஒரு வணக்கம்கூடச் சொல்லத் தெரியாத மனுஷர்தான் என்னைத் தேற வைத்தார். இந்த நன்றியை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னால் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்.

புதிய பிரிவுக்கு மாறிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் வெயில் ஏறிய பிறகுதான் விழித்தேன். காபி போட்டு எடுத்து வந்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "நமக்கு?" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.