மகன் மனப்பாடம் செய்த நம்பர்

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த செல்போனில் சிம் கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும். அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. பழைய டவர்களை நிறுத்தப்போகிறோம், மாத முடிவுக்குள் வேறு போனும் வேறு நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் வர ஆரம்பித்தது.

"மாத்திடலாம்" என்றார் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த என் கணவர். நான்தான் ஆடிக் கிருத்திகை முடியட்டும் என்றேன். நான்கு வயது மகனுக்கு அன்று மலைக்கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல். மொட்டையடித்துச் சந்தனம் பூசிவிட்டால் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி. பெயரைச் சொல்லலாம் என்றால், எங்கள் ஊரில் பாதிப் பையன்களைப் போல அவனுக்கும் சாமி பெயர்தான். அதனால் கூட்டத்தில் தொலைந்தால் சொல்ல, போன் நம்பரை வாய்ப்பாடு போலப் பழக்கியிருந்தேன். இந்த நேரத்தில் புது நம்பர் சொல்லிக்கொடுத்தால் குழம்பிவிடுவானோ என்று பயம். மாதம் முடிய நாள் இருந்தது. கிருத்திகையன்று காலை வீட்டில் சிக்னலும் இருந்தது.

மொட்டை போடும் மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது காவடிக் கூட்டம் ஒன்று நடுவில் புகுந்தது. அவன் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது.

"நீ போனப் பாத்துகினு இங்கியே நில்லு, நான் தேடறேன்" என்று கணவர் ஓடினார்.

நின்றேன். நம்பர் தெரியும், யாரிடமாவது சொல்வான், இதோ அடிக்கும் என்று நின்றேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கூட்டத்தினால் இருக்கும் என்று போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன். பக்கத்திலிருந்த போலீஸ்காரர் என்ன அடையாளம் என்று கேட்டார். மொட்டை, சந்தனம் என்றேன்.

"இன்னிக்கி மலமேல எல்லாப் புள்ளையும் அப்டிதாம்மா கீது."

அப்போது ஒலிபெருக்கியில் என் நம்பர் கேட்டது. ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி, இது யாருடைய நம்பரோ அவர்கள் உடனே வரவும் என்றார்கள்.

அறிவிப்புக் கூடாரத்தில் மகன் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னாம்மா நீ, கொழந்தைக்கு நம்பர சரியா சொல்லித் தரலியா?" என்றார் மைக் பிடித்திருந்தவர். "போட்டா அப்டி ஒரு நம்பரே இல்லைன்னுது. தப்புடா கண்ணு, யோசிச்சி சொல்லுன்னு எத்தினி வாட்டி கேட்டாலும் அதையே சொல்லிகினு கீறான். சரி, மைக்லயாவது சொல்லிப் பாக்கலாம்னு சொன்னேன்."

"சரியாத்தாங்க சொல்லியிருக்கான். சொன்ன நாளுக்கு முன்னாடியே டவர நிறுத்திட்டாங்க போலருக்கு" என்றேன். அதற்குள் அவர் அடுத்த குழந்தையிடம் திரும்பிவிட்டார். நானும் மகனைத் தூக்கிக்கொண்டு கணவரைத் தேடிப் போனேன். சரியாகத்தான் சொன்னாய் என்று முதலில் மகனிடம் சொல்லியிருக்கலாம்.

அந்த வாரமே போனை மாற்றினோம். புது நம்பரை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பிப்பவன், இப்போது ஒவ்வோர் எண்ணிலும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.

"சரியாம்மா?"

"ஆங், சரிதான்டா."

அடுத்த எண்ணிலும் நிறுத்தினான்.