வரன் விவரங்கள் இருந்த கணினி

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் சந்திரமதியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. பதினெட்டு வருடமாகக் கல்யாணத் தரகு. முடித்துவைத்த கல்யாணங்களைவிட, வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது. யார் வீட்டில் என்ன நோய், எந்தப் பெண்ணுக்கு எந்த வரன் முறிந்தது, எல்லாம் அவள் கணினியில் இருந்தது. வெளியே ஒரு சொல் போனதில்லை.

அந்தக் கணினி பழசாகிவிட்டது. விற்றுவிடலாம் என்று காலையில் டிராலியில் வைத்து சிராங்கூன் சாலைக்கு இழுத்து வந்தாள். பழைய கணினி வாங்கி விற்கும் கடை, பாலகிருஷ்ணனுடையது. எட்டு வருடத்துக்கு முன் அவனுக்கும் வர்ஷாவுக்கும் கல்யாணம் முடித்துவைத்தவளே அவள்தான்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன் தம்பி. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன்" என்றாள் பெருமையாக.

"அது பேரைத்தான் எடுக்கும்க்கா. எழுதினது உள்ளயே கிடக்கும். அதுமேல வேற எதையாவது எழுதி நிரப்பினாத்தான் போகும் லா."

சொல்லிக்கொண்டே ஏதோ ஒரு மென்பொருளை ஓட்டினான். ஐந்தே நிமிடம். அட கடவுளே, அழித்த கோப்புகள் அத்தனையும் திரையில் வரிசைகட்டி நின்றன!

நடுவில் வர்ஷாவின் பெயர். அவன் கை அங்கேயே நின்றது.

உள்ளே என்ன இருக்கிறது என்று சந்திரமதிக்குத் தெரியும். இவனுக்கு முன் வர்ஷா வேறொருவனோடு சேர்ந்து வீவகவின் புது அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். இந்த ஊரில் அதுதானே நிச்சயதார்த்தம்! சாவி கைக்கு வருவதற்குள் முறிந்துபோனது.

"என் பொண்டாட்டி ஃபைல்தானேக்கா? சும்மா பாக்கறேன்."

"கையை எடு."

"எட்டு வருஷம் ஆச்சு. இப்பப் பாத்தா என்ன?"

"உன் ஃபைலும் கீழ இருக்கு. நீ ஒருத்தியோட பொங்கோல்ல வீட்டுக்கு எழுதிப் போட்டது, அதை வர்ஷாகிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினது, எல்லாம் இருக்கு. தீபாவளிக்குத் தீபாவளி வந்து கேப்பா, 'அவருக்கு முன்னாடி யாராச்சும் இருந்தாங்களாக்கா'ன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. வர்ஷா கேட்டதை வர்ஷாவின் புருஷனிடமே போட்டு உடைத்துவிட்டாள். பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

பாலகிருஷ்ணன் சட்டென்று பட்டியலை மூடினான். வட்டு முழுவதையும் துடைக்கச் சொல்லி அழுத்தினான். நாலு மணி நேரம் ஆகும் என்றது திரை.

"நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

"எனக்கு ஒரு தே ஓ சொல்லு, பால் இல்லாத டீயே போதும்" என்றாள் சந்திரமதி. நாற்காலியை இழுத்து, அவனுக்கும் திரைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.