ஊர்ப் பெட்டிக்குள் வாத்துத் தோட்டா

என் கணவருக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது இங்கே கனடாவில், ஒஷாவாவில் வேலை செய்யும் இடத்தில். அங்கே கூட நிற்கிற வெள்ளைக்காரர்கள் இலையுதிர் காலம் வந்தால் வாத்துச் சுடப் போவார்கள். இவரும் வகுப்புக்குப் போய், சோதனை எடுத்து, லைசென்ஸ் வாங்கி, கடைசியில் ஒரு துவக்கும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனுசன் காசு கொடுத்து வெடி வாங்குகிறாரே என்று நான் திட்டாத நாளில்லை. துவக்கு ஒரு பூட்டுக்குள், தோட்டாக்கள் இன்னொரு பூட்டுக்குள். அதில் மட்டும் கவனம். இருந்தாலும், மல்வேர்னில் எங்கள் சின்ன டவுன்ஹவுஸின் பேஸ்மென்டில் அவை இருக்கின்றன என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் பெட்டி அனுப்புவதற்காகக் குசினி மேசையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். இவர் அதே மேசையில் ஒரு தோட்டாவை வெட்டிப் பிரித்து எனக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார்.

"பாரும், அடியில பித்தளை. மேல பிளாஸ்டிக். முந்தி முழுக்கப் பித்தளைதானாம். பிறகு கடதாசிக் கோது வந்துதாம். கடதாசி ஈரத்தில ஊதிப்போய்த் துவக்குக்குள்ள இறுகிப் போடும். தண்ணிக்க நிண்டு வாத்துச் சுடுறவனுக்கு அது சரிவருமே? அதுதான் பிளாஸ்டிக்."

உள்ளேயிருந்து சின்னச் சின்ன மணிகள் மேசையில் உருண்டன. எல்லாம் இரும்பு. முன்பு ஈயம்தான் போட்டார்களாம். சுட்டபின் ஏரிச் சேற்றில் கிடந்த ஈய மணிகளை வாத்துகள் இரையோடு விழுங்கி, நஞ்சேறிச் செத்தனவாம். அதனால் வாத்து வேட்டைக்கு இப்போது ஈயம் தடை.

"சுட்டுக் கொல்லலாம், நஞ்சு வைச்சுத்தான் கொல்லக் கூடாது. நல்ல நியாயம்," என்றேன்.

இவர் சிரித்துக்கொண்டே மணிகளைக் கையால் கூட்டி அள்ளினார். உடுப்புக்கு மேலே கொட்டவேண்டாம் என்று கத்தினேன்.

பெட்டி இவருடைய தம்பிக்கு. கிளிநொச்சிப் பக்கம் தோட்டம் செய்கிறார். சண்டை முடிந்தபின் பல வருடங்கள் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்தவர். கலியாணம் கட்டி, பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். இன்றைக்கும் புலனாய்வுக்காரர் யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து, சும்மா கதைப்பது போல விசாரித்துவிட்டுப் போவார்கள்.

கப்பல் பெட்டிக்குள் இடம் மிச்சம் விடுவது எங்கள் ஆட்களுக்குப் பாவம் செய்த மாதிரி. பால்மா, சவர்க்காரம், சொக்லேட் எல்லாம் அடுக்கி, இடைவெளிகளில் பழைய உடுப்புகளைத் திணிப்போம். நானும் கண்ணில் பட்டதையெல்லாம் திணித்து, கார்கோ கடை ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனபோது நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அந்த நிம்மதி மூன்றாம் நாள் போய்விட்டது.

"இஞ்சேரும், என்ர பழைய வேட்டைச் சட்டை, அந்த வெஸ்ட் எங்க?"

"பெட்டிக்க வைச்சிட்டன். நீங்கள்தானே புதுசு வாங்கிட்டியள். தம்பி மழைக்குப் போடட்டும்."

இவர் அப்படியே படியில் குந்திவிட்டார்.

"உள் பொக்கெற்றுக்க ரெண்டு தோட்டா கிடந்தது."

கொழும்பில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பெட்டியின் மேல் இருப்பது தம்பியின் பெயர், தம்பியின் அடையாள அட்டை இலக்கம். அது வாத்துக்கு வாங்கிய தோட்டா என்று அங்கே யாரிடம் சொல்வது? ஒருமுறை உள்ளே போய் வந்தவரை இன்னொரு முறை கொண்டுபோக இது போதாதா? கார்கோ கடைக்கு எடுத்த போனை ஒருவரும் தூக்கவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரை எடுத்துக்கொண்டு கடைக்கே ஓடினோம்.

"அண்ணை, கொன்டெய்னர் நேற்றே ஏத்தியாச்சு," என்றார் கடைக்காரர். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பின்னுக்குக் கொஞ்சப் பெட்டி மிஞ்சிக் கிடக்கு. பாருங்கோவன்," என்றார்.

சுவரோரம் அடியில் கிடந்தது எங்கள் பெட்டி. கண்ணீர் வந்துவிட்டது. அதைக் கண்ட கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்ற பயத்தில், பெட்டிக்குள் என் தாலிக்கொடி விழுந்துவிட்டது என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். அது பெரிய பிழையாகப் போயிற்று. தாலிக்கொடி என்றதும் அந்த மனுசன் பதறி, தானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேட வந்துவிட்டார். அவருடைய கை வெஸ்டுக்குக் கிட்டக் கிட்டப் போனது. "தம்பி, ஒட்டுற டேப் கொஞ்சம் எடுத்து வாறியளே?" என்று இவர்தான் அவரை அனுப்பினார். அந்த இடைவெளியில் வெஸ்டை இழுத்தெடுத்துக் கைப்பைக்குள் அமுக்கினேன். துணிக்குள்ளால் தோட்டாக்கள் விரலில் தட்டின.

"கிடைச்சுதே அக்கா?"

"ஓம் தம்பி, கடவுள் காப்பாத்தினார்," என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

மற்ற உடுப்புகளின் பைகளை அங்கேயே துழாவிவிட்டுத்தான் பெட்டியை ஒட்டவிட்டோம். தம்பியிடம் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் தம்பி வீடியோவில் வந்தார். பிள்ளைகள் பக்கத்தில் சொக்லேட் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு உடுப்பாக எடுத்து, பைகளை வெளியே இழுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தார். முகாமிலிருந்து வந்தபின் அவருக்கு இது பழக்கம். இவருடைய பழைய ஜீன்ஸின் கால்மடிப்பில் அவர் விரல் நின்றது. எதையோ கிள்ளி எடுத்து கமராவுக்குக் கிட்டப் பிடித்தார். ஒரு சின்ன இரும்பு மணி.

"அண்ணை, இதென்ன?"

நான் இவரைப் பார்த்தேன்.

"அது... சைக்கிள் பெயரிங் குண்டடா."

தம்பி விரல்களுக்கிடையில் அதை உருட்டிப் பார்த்தார். பிறகு போனோடு எழும்பி நடந்தார். முற்றமும் வாழைகளும் ஆடி ஆடித் தெரிந்தன. கிணற்றடியில் நின்று கையைக் கிணற்றுக்கு மேலே நீட்டி, விரல்களை விரித்து மணியை விழவிட்டார்.

திரும்ப முகம் தெரிந்தபோது சிரித்தபடிதான் இருந்தார்.

"பிள்ளையளுக்குச் சொக்லேட் நல்ல விருப்பம் அண்ணை. ஆனா, இனிப் பெட்டி அனுப்பாதேங்கோ."