வெள்ளிக்கிழமை மட்டும் காலி

போன புதன்கிழமை ஒரு லேப்டாப் என்னைப் பார்த்து, "டாய்லெட்ல போய் அழுதுட்டு வந்துட்டியா?" என்று கேட்டது.

சிரிக்காதீர்கள். நான் அப்போதுதான் டாய்லெட்டில் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்!

பத்திரிகைப் பக்கம் வடிவமைக்கும் வேலை போனபின், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும் பன்னிரண்டு வார வெப்சைட் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். முடித்தால் வேலை வாங்கித் தர முயற்சி செய்வார்கள். நாற்பத்தாறு வயதில் எனக்கு வேறு வழி? காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால், சாயங்காலம் வரை மூளையைப் பிழிந்து காயப்போடுவார்கள். திங்கள் புதுப் பாடம், புதன் டெஸ்ட். வெள்ளி, எல்லோர் முன்னாலும் நம் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

என் லேப்டாப் மண்டையைப் போட்டதால், சென்டரின் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்தார்கள். நாம் எழுதியதைப் பார்க்க பிரவுசரில் ஒரு முகவரி அடிக்க வேண்டும். கடைசியில் 3000 என்ற எண். செவ்வாய்க்கிழமை அடித்தேன். பயிற்சிக்காக நான் செய்திருந்த பழக்கடைப் பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரை. நடுவில் தமிழில் ஒரே ஒரு வரி.

"இன்னைக்கு ஒண்ணும் புரியாது லா. பயப்படாத."

யாராவது விளையாடுகிறார்களா? அந்த வகுப்பில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாடம் நடத்தும் பிரகாஷுக்கே பேச வரும், வாசிக்க வராது.

மறுநாள்தான் அந்த டாய்லெட் கேள்வி. பட்டென்று லேப்டாப்பை மூடினேன்.

வியாழன் காலை கொமுட்டரில், 'என்னால் முடியவில்லை, நின்றுகொள்கிறேன்' என்று பிரகாஷுக்குப் போனில் ஒரு லெட்டர் தட்டினேன். அனுப்பவில்லை. வகுப்புக்கு வந்து 3000-ஐத் திறந்தேன்.

"நிக்கிறேன்னு லெட்டர் எழுதிட்டியா?"

ஐயோ! நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டேன். பிரகாஷ் ஓடி வந்தார்.

"அக்கா, டெர்மினல்ல என்னா போட்டிருக்குன்னு படிச்சீங்களா?"

எங்கே படித்தேன்? அந்தக் கறுப்புத் திரையில் இங்கிலீஷ் ஓட ஆரம்பித்தாலே கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். '3000-ல் ஏற்கெனவே வேறொன்று ஓடுகிறது, உன் பக்கம் 3001-ல்' என்று அது மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஓடுவது யாருடையது? பிரகாஷ் தோண்டி ஒரு பழைய ஃபோல்டரை எடுத்தார். லேப்டாப்பை ஆன் செய்தாலே தானாக ஓடும் பக்கம். கிழமையைப் பார்த்து வரியை மாற்றும்.

"முந்தின பேட்ச்ல ஒரு அக்கா... காஜாங்லேர்ந்து வருவாங்க. நல்லாதான் செஞ்சாங்க. ஒரு வியாழக்கெழம லெட்டர் குடுத்துட்டு நின்னுட்டாங்க."

"ஏன்?"

"தெரியலக்கா. நான் கேக்கல."

அந்த அக்கா தனக்குத்தானே எழுதிக்கொண்ட வரிகள். திங்கள் முதல் வியாழன் வரை நிரம்பியிருந்தது. வெள்ளிக்கு இரண்டு மேற்கோள் குறிகள் மட்டும். நடுவில் ஒன்றுமில்லை.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குக் கூடிவிட்டது. இதே லேப்டாப்பின் முன்னால் ஒருத்தி உட்கார்ந்து, புதன்கிழமை அழுது, வியாழக்கிழமை லெட்டர் எழுதி... அதோடு காணோம். என் போனில் அதே லெட்டர், ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும் நிலையில். வெள்ளிக்கிழமை அந்தக் காலி இடத்துக்குள் நானும் போய்விடுவேனோ என்று நிஜமாகவே நடுங்கினேன்.

லெட்டரை அழித்தேன்.

வெள்ளிக்கிழமை போனேன். பழக்கடையைத் திறந்து காட்டினேன். டுரியான் படம் தலைகீழாக வந்தது. 'வாங்கு' பட்டன் அசையவே இல்லை. ஆனாலும் கை தட்டினார்கள்.

பிறகு அந்தப் பழைய ஃபோல்டரைத் திறந்தேன். பிரகாஷ் அழிக்கச் சொல்லியிருந்தார். அழிக்கவில்லை. எனக்குப் பிறகு இந்த லேப்டாப் யாருக்குப் போகுமோ? இரண்டு மேற்கோள் குறிகளுக்கும் நடுவே ஒரு வரி தட்டினேன்.

"வந்துட்டியா? உக்காரு."

காஜாங் அக்கா, அது உங்களுக்கும்தான். 3000 உங்கள் இடமாகவே இருக்கட்டும் – நான் 3001-ல் இருந்துகொள்கிறேன்.