ஆள் நடமாட்டம்

கரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழுது என்று கூப்பிட்ட வீட்டில் செருப்பைக் கழற்றி, பையை இறக்கி, டெஸ்டரைக் கையில் எடுப்பதற்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். “யாராச்சும் இதுல கை வச்சீங்களா?” பதில் வேண்டிக் கேட்பதில்லை. கோளாறைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அதுவரை பழி நம் தலைமேல் இல்லாமல் வீட்டுக்காரர் தலைமேல் இருக்கட்டும், அவ்வளவுதான். வீட்டிலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பா மகனைப் பார்ப்பார், மகன் தங்கையைப் பார்ப்பான், லைட் எரிந்ததும் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

அந்தமானின் போர்ட் பிளேயரில், லம்பா லைன் பகுதியில் நளினியம்மா வீட்டில் முத்துவீரன் அதைக் கேட்டபோது, அந்த வீட்டில் கைகாட்ட ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

முத்துவீரன் நிக்கோபாரின் கச்சால் தீவில் வளர்ந்தவன். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து அனுப்பப்பட்ட அப்பா அம்மாவோடு கைக்குழந்தையாகக் கப்பலேறி அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். அப்பாவைப் போல் பால் வெட்டும் கத்தி அவன் கைக்குப் பிடிபடவில்லை. தோட்டத்து ஜெனரேட்டர் ஷெட்டுதான் அவனை இழுத்தது. எண்ணெய் துடைக்கப் போனவன் வயரிங் கற்றுக்கொண்டான், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தான். வசந்தகுமாரியைக் கட்டினான். பிள்ளை இல்லை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மீன் வாங்கக் கீழே கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் போயிருந்தாள். அவன் மேலே ஷெட்டில் இருந்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கச்சாலுக்குத் திரும்பவே இல்லை. போர்ட் பிளேயரில் முகாம், பிறகு ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை, பிறகு சொந்தமாகவே சர்வீஸ். தகர வீடுகள் போய் மாடி வீடுகள் எழும்பிய காலம் அது. அந்தக் காலத்தில் தலையெடுத்த கான்ட்ராக்டர்களில் ஒருவர் திருநாவுக்கரசு. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். லம்பா லைனில் வீடு கட்டியபோது, மெயின்லாண்டில் யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டிலும் எல்லாம் தானாக நடக்க வேண்டும் என்றார். தொட்டால் எரியும் சுவிட்சுகள், அறைக்கு ஒரு சென்சார், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒரு கன்ட்ரோலர் பெட்டி. ஆள் உள்ளே வந்தால் விளக்கும் ஏசியும் ஓடும், ஆள் இல்லையென்றால் சிறிது நேரத்தில் அணையும். எந்த அறையில் எப்போது ஆள் வந்தது என்று பெட்டியின் முகப்பில் தெரியும். சென்னையிலிருந்து கப்பலில் வந்த சாமான்களை, கூட இருந்த தாளில் போட்டிருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து முத்துவீரனே மாட்டினான். திறப்பு விழாவில் திருநாவுக்கரசு அவன் தோளில் கை போட்டு, “நம்ம பையன் கைவேலை” என்று விருந்தாளிகளிடம் காட்டினார். கொஞ்ச நாள் அவன் நடையே மாறிப்போயிருந்தது.

அந்தத் தாளில், சென்சார் ஜன்னலைப் பார்ப்பதுபோல் ஒரு படம் போட்டு அதன்மேல் பெருக்கல் குறி இட்டிருந்தார்கள். படுக்கையறையில் சரியான மூலைக்கு வயர் கொண்டுபோக, புதுப் பெயின்ட் அடித்த சுவரைக் கொத்த வேண்டும். கதவுக்கு மேலே ஏற்கனவே வயர் போகும் குழாய் வந்திருந்தது. அங்கேயே மாட்டிவிட்டான். எதிரே மேற்கு ஜன்னல். மாட்டிய அன்று ஒழுங்காக வேலை செய்தது, அதோடு அவனும் அந்தப் படத்தை மறந்தான். மறந்தான் என்றும் சொல்ல முடியாது. நினைக்காமல் விட்டான்.

அடுத்த வெயில் காலத்தில் திருநாவுக்கரசின் மனைவி நளினியம்மா கூப்பிட்டார். கணவனும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாராச்சும் கை வச்சீங்களாம்மா?” என்றான் முத்துவீரன், பையை இறக்கிக்கொண்டே.

“யாருப்பா கை வைக்கிறது? காலைல நாங்க ரெண்டு பேரும் கெளம்பிடறோம், அவர் சைட்டுக்கு, நான் கடைக்கு. சாயங்காலம் வந்து கதவத் தொறந்தா பெட்ரூம் ஜில்லுனு இருக்கு. பெட்டியில பாத்தா மத்தியானம் ஆள் வந்ததா காட்டுது. இது தானா சாலு ஆகி ஓடுமா, ஓடாதா? பக்காவா சொல்லு.”

“நான் வெயில்ல நின்னு ஸ்லாப் போடறேன்” என்றார் திருநாவுக்கரசு. “என் கட்டில்ல ஏசி போட்டுக்கிட்டு மகாராணி யாரோ தூங்கறாங்க. நல்லாருக்குல்ல?”

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. நின்ற இடத்திலிருந்தே நிலைக்கு மேலே இருந்த வெள்ளைச் சென்சார் குமிழும் எதிரே ஜன்னலும் தெரிந்தன. பெருக்கல் குறி இட்ட அந்தப் படம் முத்துவீரனுக்கு நினைவு வந்தது. உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தோளில் கை போட்ட மனிதர் முன்னால் உட்கார்ந்திருந்தார். “தானா எப்படிம்மா ஓடும்?” என்றான். “ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் போடும். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

அப்போதுதான் சமையலறையிலிருந்து டீயோடு வேலைக்காரம்மா வந்தாள். சொர்ணம்மா.

அவளை முகாமில் கடைசியாகப் பார்த்தது. அதே கச்சால், அதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகள். அதே நாளில் அவளுக்குப் புருஷன் போனான், இடுப்பில் ஒரு பெண் குழந்தை மிஞ்சியது. வசந்தகுமாரிக்காக ஒப்பாரி வைக்க முத்துவீரன் பக்கம் ஒரு பெண்பிள்ளைகூட இல்லாமல், அழத் தெரியாமல் அவன் முகாமில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, சொர்ணம்மாதான் எழுந்து வந்து தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, தன் புருஷனுக்கு அழுத அதே வாயால் அவன் பெண்டாட்டிக்கும் ஒரு பாட்டம் அழுதாள். அதன்பிறகே அவனுக்கு அழுகை வந்தது.

“அட, நீயா தம்பி!” அவள் முகம் விரிந்தது. “நல்லாருக்கியா? எளச்சுப் போயிட்டியே.” நளினியம்மா பக்கம் திரும்பினாள். “நம்ம கச்சால் புள்ளதாம்மா. இஞ்சின் ஷெட்டுல இருந்தவரு. கை சுத்தம், வாய் சுத்தம். இவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“அப்படியா?” என்றார் நளினியம்மா. “அப்ப உன் ஊர் ஆளே சொல்றாரு, கேட்டுக்க. யாரோ உள்ள போய்த்தான் ஏசி ஓடுதாம்.”

சொர்ணம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்தாள். “பெருக்கித் தொடைக்கப் போறதோட சரிம்மா. வெயிலடிச்சா நான் கொல்லையில முருங்க மரத்தடியில குந்துவேன். உங்க ஏசி எனக்கு மூக்கடைக்கும்.” பிறகு அவனைப் பார்த்தாள். பயம் இல்லாத பார்வை. அவன் காப்பாற்றுவான் என்று நம்பிய பார்வை. “நீ சொல்லு தம்பி. அது தன்னால ஓடாதா?”

முத்துவீரன் டீயைப் பார்த்தான். “மெஷின் அப்படித்தான் காட்டுதுக்கா” என்றான்.

சொர்ணம்மா அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தாள். பின்வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நளினியம்மா வாய் திறந்து சொல்லும் வேலைகூட மிச்சமாயிற்று.

அடுத்து வந்த நாட்களில் அவன் லம்பா லைன் வழியாகப் போவதைத் தவிர்த்தான். விமான நிலையப் பக்கம் வேலை வந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போனான். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவனுக்கு உப்பு உறைப்பு தெரியாமல் போனது. ‘அவள் படுத்தும் இருக்கலாமே’ என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

பிறகு நளினியம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. “முத்து, மறுபடியும் ஓடுதுப்பா! புதுசா வந்தவ காலைல வேலைய முடிச்சுட்டுப் போயிடறா. வீட்டுச் சாவி என் பையில இருக்கு. உள்ள ஒரு ஈ காக்கா கெடையாது. உன் மெஷினுக்கு என்ன பைத்தியமா?” அப்புறம், கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல், “அப்ப அவ இல்லபோல. சரி விடு, நீ வந்து பாரு.”

மத்தியானம் அவனை உள்ளே விட்டுவிட்டு நளினியம்மா பின்கட்டுக்குப் போனார். முத்துவீரன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அசையவில்லை. சூடுள்ள ஒன்று அசைந்தால்தான் அந்தக் குமிழுக்கு அது ஆள், அசையாத மனிதனை அது கண்டுகொள்ளாது. கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது, ஏசி மூச்சை விட்டு நின்றது. அறையில் யாரும் இல்லை என்று பெட்டி முடிவு செய்துவிட்டது.

வெயில் சாயத் தொடங்கியது. எதிர்வீட்டுத் தகரக் கூரையில் பட்ட வெளிச்சம் எகிறி வந்து ஜன்னல் திரையில் விழுந்தது. கருநீலத் தடித் திரை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் சூடு முகத்தில் தெரிந்தது. உப்புக் காற்றில் சட்டம் துருவேறி முழுதாக மூடாத கண்ணாடிப் பலகைகளின் இடுக்கில் கடல்காற்று நுழைந்தது. சூடான திரை மெல்ல அசைந்தது.

‘டிக்’ என்றது சுவர். விளக்கு எரிந்தது. ஏசி ஓடியது.

ஒரு நொடி முத்துவீரன் கதவைத் திரும்பிப் பார்த்தான், யாரோ வந்துவிட்டார்கள் என்று. யாரும் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, குளிர்ந்துகொண்டே வரும் அந்த அறையில் அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

நளினியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். “என் தப்பும்மா. ஜன்னலுக்கு எதிர்ல வைக்கக் கூடாது. செவுரு கொத்தச் சோம்பல்பட்டு வச்சுட்டேன்.”

“அடப்பாவி” என்றார் நளினியம்மா. பிறகு திரையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றார். “நானும் இந்தத் தெருவுல நாலு வீட்ல சொல்லித் தொலைச்சுட்டேனே. நாளைக்கு அவள வரச் சொல்லுப்பா. இப்ப வர்றவ பாத்திரத்த சோப்போட கவுத்துடறா.”

சொர்ணம்மா ஊருக்கு வெளியே சிப்பிகாட்டில் வாடகைக்கு இருந்தாள். சுனாமியில் கடல்நீர் ஏறி, வயல் என்ற பெயர் மட்டும் மிஞ்சிய சதுப்புக்குப் பின்னால் ஒரு தகர வீடு. கதவைத் திறந்தது மகள் திவ்யா. பள்ளிக்கூடத்துச் சீருடையில் இருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை இப்போது அவன் தோளுக்கு வளர்ந்திருந்தது. அவனைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

சொர்ணம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

“அக்கா, அதுல ஒரு சின்ன டெக்னிக்கல் ஃபால்ட்டு…”

“எனக்குப் புரியறாப்புல சொல்லு.”

“சென்சார எடம் மாத்தி வச்சிருந்துச்சு. வெயில் பட்டா…”

“யாரு வச்சது?”

“நான்தான்.”

“அன்னைக்கு டீ குடிச்சியே, அப்பவே தெரியுமா?”

சதுப்பில் கொக்கு ஒன்று காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. “சந்தேகமா இருந்துச்சுக்கா” என்றான் முத்துவீரன்.

சொர்ணம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். “தெரு பேசுனத விடு. அடுத்த தெருவுல வேல கேட்டுப் போனேன், ‘ஏசி வீட்டம்மாவா’ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. அதையும் விடு. இந்தப் புள்ள என்கிட்ட கேட்டா. சோத்தப் பெசஞ்சுகிட்டே கேட்டா. ‘ஏம்மா, நெசமாவே படுத்தியா? படுத்திருந்தா சொல்லும்மா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்’னு.” வீட்டுக்குள் கைகாட்டினாள். “பெத்த புள்ள என்னைய மன்னிக்கிறா, நான் செய்யாததுக்கு.”

“நளினியம்மா நாளைக்கே வரச் சொன்னாங்க” என்றான்.

“அங்க போறதும் போகாததும் என் பாடு. அந்தம்மா எந்தெந்த வூட்டுல சொன்னாங்களோ அத்தன வூட்டுலயும் ஏறிச் சொல்லிட்டு வா. அப்பறம் பேசு.”

எல்லாம் அவனுக்கு வேலை கொடுக்கிற வீடுகள். நளினியம்மாவிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினான். ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரி ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப எங்க இன்வர்ட்டர எப்படிய்யா மாட்டியிருக்கே?” என்று சிரித்தார். அங்கே தமிழில் சுற்றி வளைக்க முடிந்தது. ‘சில சமயம் அப்படி ஆயிடுதுங்க’ என்று பழியில் பாதியைச் சமயத்தின் தலையில் போட முடிந்தது. கடைசி வீடு ஒரு வங்காளி அம்மாவுடையது. முத்துவீரனின் இந்தியில் சுற்றி வளைக்கும் சொற்கள் கிடையாது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, “தீதி, கல்தி மேரா. ஓ அவுரத் சோயா நஹி. மை ஜூட் போலா” என்றான். தப்பு என்னுடையது, அந்தப் பெண் படுக்கவில்லை, நான் பொய் சொன்னேன். பொய் என்று தமிழில் எந்த வீட்டிலும் அவன் சொல்லியிருக்கவில்லை. இந்தியில் வந்துவிட்ட பிறகு காதெல்லாம் சுட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பவும் முதல் வீட்டுக்குப் போனான். ஓய்வுபெற்ற அதிகாரியிடமும் அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னான். பிறகு அடுத்த வீடு. எல்லாம் முடிந்து சிப்பிகாட்டுக்கு பஸ் ஏறும்போது வெயில் இறங்கியிருந்தது.

சொர்ணம்மா அதே படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்னான்னு?”

“நான் பொய் சொன்னேன்னு. அந்த ரூமுல யாரும் படுக்கலன்னு.”

“சத்தமாச் சொல்லு” என்றாள் அவள், தண்டைக் கிள்ளிப்போட்டுக்கொண்டே. “உள்ள கேக்கணும்.”

வீட்டுக்குள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. முத்துவீரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருட்டத் தொடங்கியிருந்த வாசலைப் பார்த்து, சுவர் கொத்தச் சோம்பல்பட்ட நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.