ஆர்மோனியக்காரரின் நாடி

தார்வாட் தலைமைத் தபால் நிலையத்தில் கவுண்டரில் பதிவுத் தபால் வாங்கும் குருபசப்பா ஹூகாருக்கு வயது ஐம்பத்து நான்கு. இந்துஸ்தானிப் பாடகி ஜயதேவி ஹிரேமட் எங்கே பாடினாலும் அவருக்கு இடப்பக்கம் ஆர்மோனியத்தோடு உட்காருவது இவர்தான். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. “ஹூகார் மாஸ்தர் கல்லுல செஞ்ச ஆளு” என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அவர் இரண்டு தடவையாவது வாந்தி எடுப்பார் என்பது மனைவி நீலவ்வாவுக்கு மட்டுமே தெரியும். இருபத்தாறு வருடமாக அவள் அதை வெளியே விட்டதில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் ஜயக்கா குடையும் கையுமாகக் கவுண்டருக்கே வந்துவிட்டார்.

“மாஸ்தர், அடுத்த ஞாயித்துக்கெழமை காலைல பல்கலைக்கழக அரங்கத்துல பாடறேன். தபலாவும் சேத்து நம்ம மூணு பேருக்கும் நெஞ்சுல பட்டை கட்டுவாங்களாம். கேக்க வந்தவங்கள்ல முப்பது பேருக்கும் உண்டு. யாரு நாடி எப்படி ஓடுதுன்னு திரையில போட்டுக் காட்டுவாங்க.”

“எதுக்குக்கா அது?”

“ஆராய்ச்சி. பாடறவங்க நாடியும் கேக்கறவங்க நாடியும் ஒண்ணாப் போகுதான்னு பாக்கறாங்க. உங்களுக்கென்ன, உங்க கோடு குறட்டை விடும். என்னோடதைப் பாத்துத்தான் சிரிப்பாங்க.”

அன்றைக்குக் குருபசப்பா இரண்டு உறைகளில் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினார்.

“முடியாதுன்னு சொல்லிடுங்களேன்” என்றாள் நீலவ்வா இரவில். அவர் தட்டில் ரொட்டி அப்படியே இருந்தது.

“ஏன்னு கேப்பாங்க.”

“காய்ச்சல்னு சொல்லுங்க.”

“அப்ப வேற ஒருத்தன் வந்து உக்காருவான். உக்காந்தவன் எந்திரிக்க மாட்டான்.”

வியாழக்கிழமை, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சுமங்கலா பெடகேரியைத் தேடிப் போனார். திரையில் என் பேரைப் போடாமல் இருக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“போடாம இருக்கலாம் சார். ஆனா மேடையில இருக்கறதே மூணு பேரு. யாரோட கோடுன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும்” என்றாள் அவள். “உங்களுக்கு வேணாம்னா விட்டுடலாம். கட்டாயமே இல்ல.”

தான் மட்டும் பட்டை கட்டாமல் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று ஒரு நிமிடம் யோசித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை அரங்கம் நிரம்பி வழிந்தது. வாந்தி எடுத்து, முகம் கழுவி, ஜுப்பாவுக்குள் பட்டையைக் கட்டிக்கொண்டவருக்குக் கழிவறையிலேயே ஒரு யோசனை வந்தது. நெஞ்சில் ஒட்டாதபடி பட்டையை நன்றாகத் தளர்த்திவிட்டு மேடைக்குப் போனார்.

சுமங்கலா பேசி முடித்ததும் திரை உயிர்பெற்றது. சிவப்புக் கோடு ஜயக்காவுடையது. நீலம் தபலாக்காரருடையது. பச்சைக் கோடு மட்டும் சவமாகக் கிடந்தது. அதன் கீழே பூஜ்யம்.

“அய்யய்யோ, மாஸ்தர் போயிட்டாரு!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, அரங்கமே சிரித்தது.

நீலவ்வா சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றுவிட்டாள். காலையில் அவர் இருந்த இருப்பை அவள்தானே பார்த்தாள். “ஏன்ரீ, என்னங்க! உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை. ஜுப்பாவுக்குள் கைவிட்டுப் பட்டையை இறுக்கினார்.

பச்சைக் கோடு துள்ளி எழுந்தது. நூற்று நாற்பத்தாறு. மற்ற இருவருக்கும் தொண்ணூறைச் சுற்றித்தான்.

சிரிப்பு நின்றது. ஜயக்கா திரையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். ஒலிவாங்கியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, “என்ன மாஸ்தர் இது?” என்றார்.

“எப்பவும் இப்படித்தான்க்கா.”

“எப்பவுமா?”

“மொதக் கச்சேரியிலேருந்து.”

ஜயக்கா தம்பூராவை நிமிர்த்திக்கொண்டார். “சரி, சுருதி குடுங்க” என்றார்.

ஒரு மணி நேரம் தோடி ராகம். குருபசப்பா திரைப்பக்கம் திரும்பவில்லை. ஆனால் அதைப் பார்ப்பவர்களின் முகங்கள் எதிரே இருந்தன. ஜயக்கா விட்ட இடத்தையெல்லாம் விரல்கள் எப்போதும்போல எடுத்துக் கொடுத்தன. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. எண் மட்டும் கடைசிவரை நூற்று முப்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

முடிந்ததும் சுமங்கலா, மெதுவாகப் பாடிய விளம்பத்தில் எந்தெந்த இடத்தில் கேட்டவர்களின் கோடுகள் நெருங்கி வந்தன என்று காட்டினாள். ஒரு பெரியவர் எழுந்து, “அந்தப் பச்சைக் கோட்டுக்கு என்னம்மா அர்த்தம்?” என்றார்.

அவள் குருபசப்பாவைப் பார்த்தாள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார்.

“பயங்க. இன்னிக்குப் போயிடும், நாளைக்குப் போயிடும்னு இருபத்தாறு வருஷமாப் பாக்கறேன். போகல.”

“அப்புறம் எப்படி வாசிக்கறீங்க?”

“தெரியலீங்க. கை பாட்டுக்கு வாசிக்குது.”

பெரியவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

இனி ஜயக்கா தன்னைக் கூப்பிடமாட்டார் என்றே நினைத்து, மேடைக்குப் பின்னால் குருபசப்பா ஆர்மோனியப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அதற்குள் நீலவ்வா உள்ளே வந்து, பதற்றத்தில் வாந்திக் கதையையெல்லாம் ஜயக்காவிடம் கொட்டிவிட்டாள்.

“அட பாவி மனுஷா!” என்றார் ஜயக்கா. “ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால டீ டீயா ஊத்திக் குடுத்தேனே! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“வேற ஆளப் பாத்துக்குவீங்களோன்னு...”

“வேற ஆளா? அடுத்த மாசம் ஹூப்ளியில கச்சேரி. லீவு போட்டு வையுங்க.”

ஹூப்ளியிலும் பயம் அப்படியே இருந்தது. மேடையேறும் நேரத்தில் குருபசப்பா, “ஜயக்கா, பத்து நிமிஷம் குடுங்க” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுக் கழிவறைக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை ஜயக்கா ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த தம்பூராவையே மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தார்.